நாலாவது தூணுக்குள் வளர்ந்த காளான்

பிப்ரவரி 11

உங்களுக்கு,

ஈயத் தூசியில் வேலை செய்கிறவரை ஒரு காளான் காப்பாற்றுமா? நீங்கள் மகளிடம் கேட்டு, அவள் என்னிடம் கொண்டுவந்த கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. தண்ணீரிலும் உணவிலும் உலோகம் அளந்துதான் இத்தனை வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். இருந்தும் தெரியாது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது.

தெரிந்தவரை சொல்கிறேன். எலிகளுக்கு ஈயத்தையும் கொடுத்து, காளான் சாற்றையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஈரலும் சிறுநீரகமும் ஓரளவு தப்பித்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்களிடம் ஒழுங்காகச் செய்த சோதனை எதுவும் என் கண்ணில் படவில்லை. எலிகள் உங்களைப் போலப் பாலத்தில் வர்ணம் சுரண்டுவதும் இல்லை. ஆகவே ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

இதுவரை எழுதியதை மகள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "அம்மா, நீ அப்பாவுக்கு லெட்டர் எழுதுறியா, ரிப்போர்ட் அனுப்புறியா?" என்றாள். போனில் பேசினால் என்ன என்றும் கேட்டாள். போனில் எனக்கு 'ம்', 'சரி' தவிர எதுவும் வருவதில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

ரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா? மூன்று முறை மகள் மூலம் கேட்டுவிட்டேன்.

நம் பேத்தி சுண்டெலி தவழ ஆரம்பித்துவிட்டாள். நீங்கள் வைத்த பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. தரையில் கிடப்பதெல்லாம் நேராக வாய்க்குத்தான் போகிறது.

இப்படிக்கு,
நான்

---

பிப்ரவரி 19

தராசுக்கு,

'உங்களுக்கு' என்று ஆரம்பித்திருக்கிறாய். கல்லூரி ஆய்வகத்தில் என் பீக்கரைத் தட்டி உடைத்துவிட்டு, "யாரு உன்னை ஓரத்துல வைக்கச் சொன்னா?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தவளா இது? உனக்குத் தராசு என்று பெயர் வைத்தவன் நான்தான். இப்போது கடிதத்தைக்கூட நிறுத்துப் போட்டுத்தான் அனுப்புகிறாய்.

இங்கே நிலவரம் சொல்கிறேன். பாலத்தில் பாதி முடிந்தது. பழைய பூச்சைச் சுரண்டுகிறோம். அந்தக் காலத்தில் இரும்பு துருப்பிடிக்கக் கூடாது என்று ஈயச் சிவப்பை அள்ளி அள்ளிப் பூசியிருக்கிறார்கள். தார்ப்பாய் கூடாரம் கட்டி, உள்ளே நின்று மணலை வேகமாக அடித்தால் சிவப்புப் பொடியாக உதிரும். முகமூடி உண்டு, குளியலறை உண்டு. மேற்பார்வை பார்க்கிறவன் நான், விதிமுறையைச் சுவரில் ஒட்டியவனும் நான்.

அன்றைக்கு ஒரு நாள்தான் குளிக்காமல் வீட்டுக்கு வந்தேன். கடைசி பஸ் போய்விடும் என்று வேலைச் சட்டையோடு ஓடிவந்தேன். உள்ளே நுழைந்து சுண்டெலியைத் தூக்கக் கை நீட்டினால், நீ குறுக்கே வந்து "தொடாதீங்க" என்கிறாய். மாப்பிள்ளை சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். என் வீடு, என் பேத்தி. மறுநாள் விடியும்வரை எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. விடிந்ததும் கிளம்பி வந்து இங்கே வேலையிடத்து அறையிலேயே தங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் காளான். கிரேன்காரர் ஒரு புட்டி வைத்திருந்தார். 'உடலில் சேர்ந்த நச்சு உலோகங்களை வெளியேற்றும்' என்று போட்டிருந்தது. உன்னோடு குடும்பம் நடத்தியவன் ஒட்டுச் சீட்டை நம்புவானா? உள்ளே என்ன அடைத்தார்களோ என்றுதான் நீ கேட்பாய். அதனால் நானே வளர்க்கிறேன். ரெய்ஷி என்று பெயர். மரத்தூளைப் பையில் அடைத்து விதைத்தால், விசிறி மாதிரி, மெருகு போட்ட மரம் மாதிரி சிவப்பாக வரும். பாலத்தின் நாலாவது தூண் உள்ளே குடைவாக இருக்கும். இரும்புக் கதவு, ஒரு சின்னக் கம்பி ஜன்னல், எப்போதும் குளிர்ச்சி, ஈரம். அதற்கு அரண்மனை மாதிரி. காயவைத்து இடித்துத் தினமும் வெந்நீரில் குடிக்கிறேன்.

என் கணக்கு சுலபமானது. ஈயம் வெளியே போகட்டும். அப்புறம் யார் தடுக்கிறார்கள் பார்ப்போம்.

அவன்

---

பிப்ரவரி 26

தொடாதீங்க என்று சொன்னது சரி. அதைத் திரும்பப் பெறமாட்டேன். நீங்கள் போன பிறகு வாசற்படியை ஈரப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். என்ன வந்தது என்று எழுதவில்லை, நீங்கள் பதிலுக்குக் கோபப்படுவீர்கள். ஒரு குழந்தைக்கு அதில் துளி போதும். நமக்கெல்லாம் ஈயம் எலும்பில் போய் உட்காரும். அவளுக்கு இப்போதுதான் எலும்பும் மூளையும் உருவாகிக்கொண்டிருக்கின்றன.

உங்கள் காளான் பொடியில் கொஞ்சம் அனுப்புங்கள். வேறு எதுவும் இப்போது கேட்கவில்லை.

இன்னொன்று. உங்கள் எழுத்து ஏன் இப்படி வலப்பக்கம் சரிந்து கீழே இறங்குகிறது? முன்பு கோடு போட்டது மாதிரி எழுதுவீர்கள்.

மாடி அறையில் உங்கள் மேசையை மகள் குழந்தைத் துணி மடிக்க எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கூடாது என்றேன். காரணம் கேட்டாள். துணிகளை நானே மடித்துக் கொடுத்தேன்.

---

மார்ச் 5

தராசுக்கு,

பொடி வருகிறது. மூன்று சுற்றுக் காகிதம்.

பேனா சரியில்லை. அதுதான் எழுத்து இறங்குகிறது.

என் மேசையைக் கொடுக்காதே. கொடுக்கவில்லை என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். எங்கள் வேலையிடத்துச் சமையல்காரர், "என்ன சார், வீட்டுல நல்ல சேதியா?" என்றார். "மேசை பத்திரமா இருக்காம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அவன்

---

மார்ச் 14

பொடியை ஆய்வகத்தில் பதிவு செய்தபோது உதவியாளர் பெண், "யாரோட சாம்பிள் மேடம்?" என்று கேட்டாள். "தெரிந்தவர்" என்றேன். சாயங்காலம் மகளிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

முடிவைச் சொல்கிறேன். பொடியில் ஈயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சுற்றி அனுப்பிய காகிதத்தையும் தனியாகப் பார்த்தேன், அதிலும் இருக்கிறது. ஆகவே பொடியில் இருப்பது காளானுடையதா, உங்கள் கையிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. சொல்ல முடியாததைச் சொல்லமாட்டேன்.

முழுக் காளான் ஒன்று வேண்டும், வெட்டாதது. குளித்து, வேறு உடை போட்டுக்கொண்டு, பாலத்துப் பக்கம் இல்லாத கடையில் புதுப் பை வாங்கி அதில் போடுங்கள். மேல் தோலைச் சீவிவிட்டு உள் சதையை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன்.

அதுவரை குடிக்காதீர்கள். கட்டளை என்று எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

---

மார்ச் 21

தராசுக்கு,

தெரிந்தவர் எழுதுகிறேன்.

நீ சொன்னபடியே செய்தேன். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பஸ் ஏறி ஊருக்குள் போய் ஒரு மருந்துக் கடையில் பை கேட்டேன். நானே தொடக் கூடாதே என்று, "நீங்களே இதை உள்ளே போட்டுக் கட்டிக் கொடுங்கம்மா" என்று கடைக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் காளானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாருக்கு இது?" "என் சம்சாரத்துக்கு." "அவங்களுக்கும் உங்களுக்கும் ஏதாவது தகராறா?" என்று கேட்டுவிட்டார். விஷக் காளான் என்று நினைத்துவிட்டார் போல. அசடு வழிந்துகொண்டு வந்தேன்.

குடிக்காதே என்கிறாய். நான் நிறுத்தினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? இங்கே எல்லாருக்கும் நான்தான் ஊற்றிக் கொடுக்கிறேன். சமையல்காரர் காலையில் பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைக்கிறார். சாருடைய காளான் என்று பெயரே ஆகிவிட்டது. வெயில் ஏறினால் முகமூடிக்குள் மூச்சு முட்டும், அது உனக்குத் தெரியாது. பையன்கள் சிலர் அரைமணி நேரம் கழற்றிவைத்துவிட்டு, "அதான் காளான் இருக்கே சார்" என்கிறார்கள். திட்டத்தான் செய்கிறேன். முன்பு திட்டிய அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

சுண்டெலிக்குப் பல் வந்ததாக மகள் சொன்னாள். படம் அனுப்பினாள். படத்தில் உன் கை மட்டும் தெரிகிறது, அவள் முதுகைத் தாங்கிக்கொண்டு. மோதிர விரலில் அமிலம் பட்ட பழைய தழும்பு. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது பல்லை இல்லை.

அவன்

---

மார்ச் 30

உள் சதையில் ஈயம் இருக்கிறது. நிறையவே.

மூன்று முறை செய்தேன். மூன்றாம் முறை கருவி ஓடும்போது எண்ணைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவியாளர் பெண்தான் வாசித்துச் சொன்னாள். என் கணக்கு எங்காவது தப்பாக இருக்கட்டும் என்று வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டதில்லை. இந்த ஒரு தடவை ஆசைப்பட்டேன்.

புரியும்படி எழுதுகிறேன். காளான் தான் வளரும் இடத்தில் இருப்பதை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொள்ளும். கடையில் விற்பதெல்லாம் இப்படி என்று நான் சொல்லவில்லை, அவற்றை நான் பார்க்கவில்லை. நீங்கள் வளர்த்தது நாலாவது தூணுக்குள். மேலே மணல் அடிக்கிற வேலை. அந்தக் கம்பி ஜன்னல் வழியாக மாதக்கணக்கில் தூசி இறங்கியிருக்கும். ஈரமான மரத்தூள் அதைப் பிடித்துக்கொள்ளும், காளான் மரத்தூளிலிருந்து எடுத்துக்கொள்ளும், அதை நீங்கள் வெந்நீரில் போட்டுக் குடித்திருக்கிறீர்கள். மூக்கால் போனது போதாது என்று வாயாலும்.

என் சந்தேகத்துக்குப் பயந்துதான் நீங்களே வளர்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி இப்போது எழுத வரவில்லை.

மற்றவர்களிடம் இன்றே சொல்லுங்கள். அந்தப் பாத்திரத்தை இன்றே நிறுத்துங்கள். முகமூடியைக் கழற்றியவர்கள் முதலில் ரத்தம் கொடுக்கட்டும். நீங்களும்.

---

ஏப்ரல் 9

பதில் இல்லை. மகள் போன் செய்தால் எடுப்பதில்லையாம். "அப்பா காளானைத் தின்னட்டும், கல்லைத் தின்னட்டும், இங்க வந்து உக்காந்து தின்னச் சொல்லும்மா" என்று அழுதாள். நான் அழவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கோபமாக ஒரு வரியாவது எழுதுங்கள். கோபத்தை வைத்துக்கொண்டு நான் ஏதாவது செய்துகொள்வேன். ஒன்றுமில்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

சாயங்காலம் கடைசி பஸ் திரும்பும் சத்தம் நம் சமையலறை வரை கேட்கும். அது நின்று கிளம்பும்வரை குழாயை மூடிவைத்திருக்கிறேன். மகள் அதைக் கவனித்துவிட்டாள்.

---

ஏப்ரல் 17

தராசுக்கு,

பேனா நல்ல பேனாதான்.

வலது மணிக்கட்டு சில மாதமாகவே சொன்ன பேச்சு கேட்பதில்லை. கையை நீட்டினால் விரல்கள் தொங்குகின்றன. டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறேன். இந்த ஒரு பக்கத்தை எழுத மத்தியானம் முழுக்க ஆனது. மகள் போனை எடுக்காததற்கு அதுதான் காரணம். எடுத்தால் சொல்லிவிடுவேன்.

உன் கடிதம் வந்த அன்றே எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டினேன். உன் முடிவைப் படித்துக் காட்டினேன். சமையல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப இத்தனை நாளா பாலத்தைத்தான் கஷாயம் வெச்சுக் குடிச்சிருக்கோமா சார்?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள்.

பைகளை எல்லாம் எடுத்து ஈயக் கழிவு போடும் பீப்பாயில் போட்டு மூடினோம். நல்ல காளான், தராசு. பார்க்க அவ்வளவு அழகு. ஒரு பூச்சிகூட அண்டவில்லை. அப்போதாவது எனக்கு மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

மருத்துவர் வந்து எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார். மற்றவர்களுக்குக் கூடுதல்தான், ஆனால் வேலையை மாற்றினால் இறங்கிவிடும் என்கிறார். சமையல்காரருக்கு எல்லாரையும்விடக் குறைவு. அவர் மேலே ஏறுவதே இல்லையே. எல்லாரையும்விடக் கூடுதல் எனக்கு. இனி ஈயம் இருக்கும் பக்கமே வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பெரிய மருத்துவமனைக்குப் போய், ஈயத்தைப் பிடித்து வெளியே இழுக்கிற மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். நம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அதே மருத்துவமனை. கை பெரும்பாலும் திரும்பும் என்றார். எவ்வளவு பெரும்பாலும் என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். "பொறுத்துப் பார்க்கணும்" என்றார்.

ஆக, வேலையும் இல்லை. அறையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள். மருத்துவமனைக்கு எதிரில் ஒரு விடுதி இருக்கிறதே, மாடியில் பச்சைக் கதவு, அதில் இருந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். சுத்தமாகிவிட்டு வருவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது முன்பைவிட அழுக்கு. அந்த வாசலில் இன்னொரு தடவை நிற்க என்னால் முடியாது.

அவன்

---

ஏப்ரல் 22

இது தபாலில் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

விடுதி வேண்டாம்.

வாசலில் நிறுத்தத்தான் செய்வேன். அதில் மாற்றம் இல்லை. ஆனால் முன்வாசல் இல்லை, பின்வாசல். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறேன். குழாயில் வெந்நீர் வர ஆள் வைத்து இணைப்புக் கொடுத்தேன். மூடி போட்ட வாளி ஒன்று, போட்டு வந்த துணிக்கு. சுவரில் இரண்டு கொக்கி. புதுச் செருப்பு, உங்கள் அளவுதான், கடைக்காரர் கேட்டதும் யோசிக்காமல் சொன்னேன். வீட்டுச் சட்டைகளை மாடியிலிருந்து இறக்கித் துவைத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் உடம்புக்குள் இருப்பது குழந்தைக்கு ஒட்டாது. உங்கள் துணியிலும் தோலிலும் முடியிலும் இருப்பதுதான் ஒட்டும். அதற்குச் சோப்பும் தண்ணீரும் போதும். இதை அன்றைக்கே சொல்ல வாயெடுத்தேன். தொடாதீங்க என்பது பாதி வாக்கியம். குளிச்சிட்டு வந்து தூக்குங்க என்பது மீதி. மீதியைக் கேட்க நீங்கள் நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள், விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

காளான் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. நீங்கள் வளர்த்தது காப்பாற்றவில்லை, அது மட்டும் தெரியும். கை முழுதாகத் திரும்புமா என்பதும் தெரியாது. தெரியாததை எல்லாம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு தெரியாமல் இருக்கலாம் என்று தோன்றுகிறது. இந்த வாக்கியத்தை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

வாருங்கள். வந்துவிடு.

ஏப்ரல் 23

நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை. இனி அனுப்பவும் தேவையில்லை, எனக்காக இதே தாளில் தொடர்கிறேன்.

இன்று காலை உறையில் முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் யாரோ கொல்லைக் கதவைத் தட்டினார்கள். மகள் உள்ளிருந்தே, "யாரது?" என்றாள். "தெரிஞ்சவர்" என்று பதில் வந்தது. விடுதிக்குத்தான் போனாராம். பச்சைக் கதவு வரை ஏறிவிட்டு இறங்கிவிட்டாராம். முன்வாசலுக்கு வரத் துணிவில்லாமல் சந்து வழியாகச் சுற்றி வந்திருக்கிறார். பெஞ்சையும் வாளியையும் கொக்கிகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

குளித்தார். தலையை இரண்டு முறை தேய்க்கச் சொன்னேன், தேய்த்தார். சட்டைப் பொத்தானைப் போட வலது கை ஒத்துழைக்கவில்லை. நான் போட்டேன். மேலிருந்து ஆரம்பித்து ஒரு பொத்தானைத் தவறவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். "தராசுக்கே தப்பு வருதா?" என்றார். வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னேன்.

சுண்டெலிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பார்த்ததும் வீறிட்டு அழுதாள். அவர் கை நீட்டவில்லை, தரையில் தள்ளி உட்கார்ந்துகொண்டார். மருத்துவமனைக்கு நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் அவள் தானாகத் தவழ்ந்து போய் அவருடைய கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். கடைசி பஸ் திரும்பும் சத்தம் கேட்டது. நான் குழாயை மூடவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்தே இருந்தார்.

"கால் மரத்துப்போச்சு" என்றார் மெதுவாக.

"நோயாலயா, உட்கார்ந்ததாலயா?" என்று கேட்டேன்.

"உட்கார்ந்ததாலதான், தராசு" என்றார்.

எழுந்திருக்கவில்லை.